அட்வென்டுக்கு முந்தின சனிக்கிழமை

"31.10.2022, திங்கள், சீர்திருத்த நாள்" என்று தலைப்பிட்டு என் மனைவியின் அண்ணன் செல்லதுரை எழுதிய கடிதம் இப்படித் தொடங்குகிறது: "அன்புள்ள மாப்பிள்ளை, வரும் நவம்பர் 27 அட்வென்ட் முதல் ஞாயிறு. அன்று ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடி, பாடகர் குழுத் தலைவர் பதவியில் நான் இருக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கப் போகிறது. நீங்கள் படிக்கும் கண்ணாடியோடு வரவும்."

கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். கையால் எழுதினால்தான் அவருக்குக் கடிதம். ஆனால் தபால் துறை மீது நம்பிக்கை கிடையாது.

நான் கிள்ளானில் நிலப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் சபையின் வரலாற்றைத் தொகுத்தேன். நாற்பது பேர் வாங்கினார்கள். பதினோரு பேர் தேதிப் பிழை கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்பது பேர் சொன்னது தவறு. இந்தப் புகழ் கடல் தாண்டித் தாம்பரம் வரை போயிருந்தது.

வழக்கு இதுதான். அட்வென்ட் என்பது கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காத்திருப்புக் காலம். அந்த நாட்களில் காத்திருப்பின் பாட்டுகளைத்தான் பாட வேண்டும், பிறந்துவிட்டார் என்ற பாட்டுகளை டிசம்பர் 24 மாலைக்கு முன் பாடக் கூடாது என்பது மச்சானின் கட்சி. அவருடைய சபையோ நவம்பர் கடைசிச் சனிக்கிழமையே வண்டி கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிறந்துவிட்டார் என்று பாடத் தொடங்கிவிடும்; இதற்குக் கேரல் பவனி என்று பெயர். 2022இல் அந்தச் சனிக்கிழமை 26ஆம் தேதி. அதாவது காத்திருப்பு தொடங்குவதற்கு முந்தின நாளே குழந்தை பிறந்துவிடும். மச்சான் இந்த வருடம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "முன்னோர் வழிவந்த சபை வழக்கத்தை மறுக்கிறார்" என்று குற்றப்பத்திரிகை தயாரானது.

1994இலிருந்து அவர்தான் பாடகர் குழுத் தலைவர். மின்வாரிய வேலை முடிந்து ஓய்வுபெற்ற பிறகு அவரிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கைவீச்சு ஒன்றுதான். இந்தப் பழக்கம் முன்னோருடையது அல்ல, நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் நுழைத்தது என்று அவர் வாதாடினார். பழைய கமிட்டிப் பதிவேடுகளைப் பார்த்தால் தெரியும். ஆனால் அவருக்குக் கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வேறு உள்ளூர்க்காரர் யார் பார்த்தாலும் மற்றவர் நம்ப மாட்டார். வெளிநாட்டு மாப்பிள்ளை பார்க்கட்டும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

22, செவ்வாய். நான் கிளம்பிய வாரம் எங்கள் நாட்டில் தேர்தல் முடிந்தும் பிரதமர் யாரென்று தெரியவில்லை. காத்திருப்பதில் நல்ல பயிற்சியோடுதான் வந்திறங்கினேன். விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம். மாலை 4.10க்கு ஒரு ரயில் வந்தது. தேதிகளில் நான் காட்டும் கவனத்தைத் திசைகளில் காட்டுவதில்லை. ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் தாம்பரம் எப்போது வரும் என்று கேட்டேன்.

"தாம்பரமா? அது அந்தப் பக்கம் சார். இது பீச் போவுது. நீங்க ஒரு மணி நேரம் உக்காந்திருந்தா கடலப் பாக்கலாம்."

மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியோடு படியேறி, படியிறங்கி, எதிர்த்திசை ரயிலைப் பிடித்தேன். அதற்குள் காகித நட்சத்திரம் விற்கும் பெண் ஒருத்தி இரண்டு முறை என்னைக் கடந்தாள். பெட்டியில் அவளிடம் வாங்கியவர்கள் மூவர். மூவர் நெற்றியிலும் திருநீறு. "பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல கேட்டிருக்காங்க" என்றார் ஒருவர், நான் பார்த்ததைப் பார்த்து.

மச்சான் வீட்டில் நட்சத்திரம் இல்லை. தெருவில் நட்சத்திரம் கட்டாத ஒரே கிறிஸ்தவ வீடு அதுதான். எதிர்வீட்டு ரங்கநாதன் சார் மொட்டை மாடியில் ஆளுயர நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவர் கொலுவையும் இப்படித்தான் ஒரு வாரம் முன்னாடியே வைப்பாரா?" என்று கேட்டேன்.

"கொலுன்னா நாள் பாத்துத்தான் வைப்பார். நம்ம பண்டிகைன்னாதான் எல்லாருக்கும் தாராளம்" என்றார் மச்சான்.

23, புதன். காலையிலேயே கோவளத்துக்கு மீன் வாங்கக் கிளம்பினோம். 27 முதல் கிறிஸ்துமஸ் வரை மச்சான் மீனும் கறியும் தொடுவதில்லை. அதனால் 26 வரை வேறெதுவும் தொடுவதில்லை. உபவாசத்துக்கு முன் உபவாசத்துக்கான ஆயத்தம் என்று அவர் மனைவி ரூத் அக்கா இதற்குப் பெயர் வைத்திருக்கிறார். ஆயத்தம் உபவாசத்தைவிடக் கடுமையானது. முந்தின இரவே நெத்திலி, சங்கரா என்று இரண்டு வகை முடிந்திருந்தன.

கோவளத்தில் படகுகள் வந்து ஏலம் முடிந்து, சில்லறை விற்பனை நடந்துகொண்டிருந்தது. வஞ்சிரம் வைத்திருந்த அம்மாள் கழுத்தில் ஜெபமாலை. மச்சான் பேரத்தோடு இறையியலையும் கலப்பவர்.

"ஏம்மா, உங்க கோயில்ல குடில் எப்ப வைப்பாங்க?"

"குடிலு டிசம்பர்ல வப்பாங்க. மாடு, ஆடு, மாதா, சூசையப்பர் எல்லாம் வச்சிருவாங்க."

"குழந்த?"

"கொயந்த இருவத்தினாலு பூசையிலதான் வப்பாங்க. பொறக்கறதுக்கு முன்னாடி எங்கேந்துய்யா கொயந்தைய எட்த்தாந்து வைக்கறது? இன்னா கேள்வி இது? மீன் வெட்டணுமா வேணாமா?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இந்த அம்மாளை அப்படியே தூக்கிப் போய் ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் உட்கார வைக்கலாமா என்ற கணக்கு தெரிந்தது. கூடுதலாக ஒரு கிலோ வாங்கினார்.

திரும்பும்போது கேளம்பாக்கம் வழிப் பேருந்தில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். டிசம்பர் 25 வேதத்தில் எங்கே இருக்கிறது, கிறிஸ்துமஸ் கொண்டாடுவது அஞ்ஞானிகள் வழக்கம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அவர் சொல்வதில் பாதி சரி. வேதத்தில் அந்தத் தேதி இல்லை. நான்காம் நூற்றாண்டு ரோமாபுரிப் பஞ்சாங்கம் ஒன்றில்தான் முதலில் தெளிவாகத் தென்படுகிறது. தாளைத் திருப்பினேன். டிசம்பர் 31 இரவு புத்தாண்டு விசேஷித்த ஆசீர்வாதக் கூட்டம், பிரியாணி உண்டு என்று இருந்தது. ஜனவரி 1 வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். பேருந்து நின்றது. அவர் இறங்கவில்லை, பின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

24, வியாழன். சபை அலுவலகம். ஆயர் இளைஞர், நல்லவர், எல்லோரோடும் ஒத்துப்போகிறவர். அதுதான் சிக்கல். "அங்கிள் சொல்றது தியாலஜிக்கலா கரெக்ட் சார். யூத் சொல்றது பாஸ்டரலா கரெக்ட்" என்றார். அவர் பின்னால் அலமாரியில் அட்வென்டுக்கான ஊதா நிற அங்கியும் சிவப்பு நிற சாண்டா உடையும் பக்கத்தில் பக்கத்தில் இஸ்திரி போட்டுத் தொங்கின.

பதிவேடுகளைத் திறந்து கொடுத்தவர் செயலாளர் தேவசகாயம். வயது எழுபதை நெருங்கும். மச்சானை நீக்க வேண்டும் என்ற தீர்மானத்தை எழுதியவர் அவர்தான். ஆனாலும் எனக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்தார், காபி வரவழைத்தார். "துரை அண்ணன் மேல எனக்கு ஒண்ணுமில்ல. முன்னோர் வச்ச வழக்கம், அத மாத்தக் கூடாதுங்கறேன். பிள்ளைங்க சந்தோஷமாப் பாடுதுங்க. இவரு டிசம்பர் மாசம் முழுக்க 'இன்னும் வரல, இன்னும் வரல'ன்னு உக்காந்தா, ரயில்வே என்கொயரி மாதிரி இருக்கு."

மொத்தம் ஆறு பதிவேடுகள். எண்பதுகள் வரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. கேரல் பவனி டிசம்பர் 20க்குப் பிறகுதான், மூன்றே நாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாம் நவம்பர். திருப்பம் இடையில் எங்கோ இருக்கிறது. 1991 முதல் 1999 வரையிலான ஐந்தாம் பதிவேடு கரையான் கண்டு, தாள்கள் கழன்று, யாரோ ஒரு பைண்டர் கையில் சிக்கியிருந்தது. அவர் அதைத் தன் ரசனைக்கு ஏற்ப அடுக்கித் தைத்திருந்தார். 1995க்குப் பின் 1992, அதன் பின் ஓர் ஈஸ்டர் மளிகைப் பட்டியல்.

பிற்பகலில் என் மகளிடமிருந்து செய்தி வந்தது: எங்களுக்குப் பிரதமர் கிடைத்துவிட்டார். ஐந்து நாள் காத்திருப்பு. நான்கு வாரம் காத்திருப்பது இவ்வளவு கஷ்டமா என்று அதன் பிறகு கொஞ்சம் தோன்றியது.

மாலையில் ரூத் அக்கா கேக் வாங்கி வரச் சொல்லிக் குரோம்பேட்டைக்கு அனுப்பினார். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பேக்கரி. கடைக்காரர் பாய். பிளம் கேக் அடுக்கு கூரையைத் தொட்டது. எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன்.

"நவம்பர் பத்து, பதினொண்ணுலேந்து சார்."

வரலாற்றுக்கு அவர் அறியாமலே ஒரு சேவை செய்திருந்தார். பழைய காலத்தில் பிரெஞ்சு நாட்டுத் திருச்சபையில் இந்தக் காத்திருப்பு நவம்பர் 11இல், புனித மார்ட்டின் திருநாளில் தொடங்கியது. உபவாசத்தோடு. அதைச் சொன்னேன். பாய் கேக்கைக் கட்டிக்கொண்டே யோசித்தார்.

"அப்ப முப்பது நாப்பது நாள் நோம்பா? அதுல இன்னிக்கு எத்தினாவது நாள்?"

"இப்போது யாரும் இருப்பதில்லை."

"எங்களுக்குப் பிறை தெரிஞ்சாத்தான் சார் பெருநாள். ஒரு நாள் முன்னாடி எவனும் பிரியாணி போட மாட்டான். உங்காளுங்க தீபாவளி வெடிச் சத்தம் அடங்கறதுக்குள்ள வந்து 'பாய், கேக் ரெடியா'ன்றாங்க. எனக்கு லாபம்தான், நான் ஏன் குறை சொல்லணும். கிழங்கு பப்ஸ் சாப்பிடறீங்களா, சூடா கீது."

சாப்பிட்டேன். கிள்ளான்காரர்களான நாங்களும் யோக்கியர்கள் அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் கடைத்தொகுதிகளில் தீபாவளிக் கோலத்தைக் கூட்டித் தள்ளிய கையோடு கிறிஸ்துமஸ் மரத்தை நடுகிறார்கள். எங்கள் சபையார், வாசலைத் திறந்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடும் திறந்த இல்ல விருந்தை விடுமுறை வசதி பார்த்து ஜனவரி மத்தி வரை தள்ளிப் போடுகிறார்கள். தாம்பரத்தார் பண்டிகையை முன்னால் இழுக்கிறார்கள், நாங்கள் பின்னால் இழுக்கிறோம். டிசம்பர் 25 நடுவில் தனியாக நிற்கிறது.

25, வெள்ளி. காலை 11.40க்குத் தேடிய பக்கம் அகப்பட்டது. அப்படியே எழுதிக்கொண்டேன்: "அக்டோபர் 5, ஞாயிறு. சபையாரின் வீடுகள் மேடவாக்கம் வரை பரவிவிட்டபடியாலும், டிசம்பர் மழையில் ஆர்மோனியம் நனைந்துபோகிறபடியாலும், கேரல் பவனியை இனி நவம்பர் கடைசிச் சனிக்கிழமை முதல் தொடங்கலாம் என்று பாடகர் குழுத் தலைவர் முன்மொழிய, திரு. தேவசகாயம் வழிமொழிய, ஏகமனதாக நிறைவேறியது."

மழைக்குப் பயந்து டிசம்பரை விட்டு நவம்பருக்கு ஓடியிருக்கிறார்கள். சென்னையில் எந்த மாதம் அதிகமாக மழை பெய்யும் என்பதை ஏரிக்கரையில் வீடு கட்டிய இந்தச் சபையாருக்கு யாரும் சொல்லவில்லை போலும். ஆர்மோனியம் அந்த வருடமே நனைந்து செத்திருக்கிறது. சில பக்கங்கள் தள்ளி, புதிது வாங்கும் தீர்மானம் இருந்தது.

ஆனால் பக்கத்தில் ஆண்டு எழுதப்படவில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் பைண்டரின் கைங்கர்யத்தால் உதவவில்லை. அன்று வந்திருந்தவர்கள் கையொப்பமிட்ட தாளைக் கரையான் தின்றிருந்தது. எனக்கு வேண்டியதோ கிழமை மட்டும்தான். 1991க்கும் 1999க்கும் இடையில் அக்டோபர் 5 ஞாயிற்றுக்கிழமையாக வந்த ஆண்டு ஒன்றே ஒன்று: 1997. காகிதத்தில் மூன்று முறை கணக்குப் போட்டேன். பிறகு கைபேசியில் பார்த்தேன். 1997தான்.

1997இல் பாடகர் குழுத் தலைவர் யார் என்பதைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி தேவையில்லை.

அன்று இரவுச் சாப்பாடு வஞ்சிர வறுவல். மச்சான் மூன்றாவது துண்டில் இருந்தபோது சொன்னேன். பக்கத்தை வாசித்தும் காட்டினேன். அவர் துண்டைத் தட்டில் வைத்துவிட்டார். ரூத் அக்கா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"நான் சொன்ன அந்தப் புண்ணியவான் நானேவா?"

"பதிவேடு அப்படித்தான் சொல்கிறது மச்சான்."

கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார். "இருக்க முடியாது மாப்பிள்ளை. தொண்ணூத்தேழு அக்டோபர்ல எனக்கு மஞ்சக் காமாலை. மாசம் முழுக்கப் படுக்கையில. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தே இவ கை பச்சையாயிருச்சு. எனக்குப் பதிலா வேற எவனோ பாடகர் குழுத் தலைவர்னு போய் உக்காந்து பேசியிருக்கான்."

"யார்?"

"ஞாபகம் இல்ல."

"தேவசகாயம் வழிமொழிந்திருக்கிறார். அவருக்கு ஞாபகம் இருக்கலாம்."

"அவனுக்கு நேத்து காலையில சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது." பிறகு குரலை இறக்கினார். "ஞாயித்துக்கிழமை இத வாசிச்சே ஆகணுமா?"

கண்டதைக் கண்டபடி வாசிப்பேன் என்று இரு தரப்புக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். அதைச் சொன்னேன். வாசித்தால் அவருடைய வழக்கு அங்கேயே முடிந்துவிடும். தான் கொண்டுவந்த வழக்கத்தைத் தானே எதிர்த்தவர் என்று தாம்பரம் முழுக்கச் சிரிக்கும். கைவீச்சு கீபோர்டு வாசிக்கும் ஜெர்வினுக்குப் போகும். இருபத்தெட்டு வருடத்துக்கு ஒரு சால்வை கிடைக்கும். மறுநாள்தான் கடைசி மீன் நாள். சந்தைக்கு அவர் போகவில்லை.

26, சனி. அட்வென்டுக்கு முந்தின நாள். மச்சான் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் கேரல் பவனியோடு போனேன். குற்றம் நடக்கும் இடத்தைப் பார்க்காமல் எழுதக் கூடாது.

குட்டி யானை என்று இங்கே அழைக்கப்படும் சிறிய சரக்கு வண்டி. அதில் ஜெனரேட்டர், இரண்டு ஒலிபெருக்கி, கீபோர்டு, ஜெர்வின், சாண்டா. பின்னால் பதினைந்து பேர் இரண்டு வேன்களில். முன்பெல்லாம் கேரல் என்றால் இரவு. இப்போது குடியிருப்புச் சங்கங்கள் ஏழு மணிக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதால் நாலரைக்கே தொடங்கினோம். வெயிலில் சாண்டாவின் பஞ்சுத் தாடி கழுத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் காப்பீட்டு முகவர், ஒல்லி, வயிற்றுக்கு ஒரு தலையணை. பல்லாவரம் ரேடியல் சாலையில் வண்டி அரை மணி நேரம் நகரவில்லை. பக்கத்தில் பைக்கில் இருந்தவர் சாண்டாவிடம் பாலிசி பற்றி விசாரித்து, எண் வாங்கிக்கொண்டார்.

கோவிலம்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்ககம். வாசலில் காவலர் கையில் கைபேசியும் நோட்டும்.

"எங்க போவணும்?"

"கேரல்ஸ் அண்ணா. பி பிளாக்."

"ஓட்டிபி சொல்லு."

"ஓட்டிபி இல்லண்ணா. நாங்க சர்ச்."

"சர்ச்சோ, ஸ்விக்கியோ, ஓட்டிபி இல்லாம உள்ள வுட முடியாது. இத்தினி பேரா? இது இன்னா வேசம்? பேரு எழுதிக்கினு போ."

நோட்டில் 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் தேர்ந்தெடுக்க மூன்றுதான் இருந்தன: விருந்தினர், வேலையாள், டெலிவரி. சாண்டா டெலிவரியில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். நேரம் 5.35. இறையியல் நோக்கில் அன்று நான் கண்ட மிகச் சரியான பதிவு அதுதான்.

உள்ளே சங்கச் செயலாளர் ஓடி வந்து வரவேற்றார். நெற்றியில் சந்தனம். "வெல்கம், வெல்கம். நம்ம அசோசியேஷன் கிறிஸ்துமஸ் டிசம்பர் பத்துக்கே வச்சாச்சு சார். இருபத்தஞ்சு லீவு, எல்லாம் ஊருக்குப் போயிடுவாங்க. இருபத்தஞ்சுல கிறிஸ்துமஸ் வச்சா யார் வருவா?" இதில் பிழை கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பி பிளாக் மூன்றாம் மாடி. சபைக் குடும்பம். ஜெர்வின் சத்தத்தைக் கூட்ட, குத்துப்பாட்டு மெட்டில் மகிழ்ச்சி வெடித்தது. கதவைப் பாதி திறந்த வீட்டம்மாள் தலையில் துண்டும் கையில் ஒட்டடைக் கம்புமாக நின்றார்.

"ஐயோ, இன்னிக்கேவா? இன்னும் வீடே சுத்தம் பண்ணலயேம்மா. பெயின்ட் அடிக்கணும், கர்ட்டன் துவைக்கணும். பலகாரம் ஒண்ணும் போடல. டிசம்பர்ல வாங்களேன்."

"எங்க அட்டவணையில உங்க ஏரியா இன்னிக்குத்தான் ஆன்ட்டி."

கடையில் வாங்கிய முறுக்குப் பாக்கெட் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். அதை மென்றுகொண்டே அடுத்த வீட்டுக்குப் போனோம். அங்கே பூட்டு. ஆனாலும் பாடினோம், அட்டவணையில் இருந்தது.

27, ஞாயிறு. அட்வென்ட் முதல் ஞாயிறு வரக்கூடிய தேதிகளில் இதுவே மிக முந்தையது. கிறிஸ்துமஸும் ஞாயிறாகவே வருவதால் 2022இன் அட்வென்ட் முழுதாக இருபத்தெட்டு நாள். இதற்கு மேல் நீள முடியாது. இதை ரசிக்க அந்தக் கோயிலில் எனக்குத் துணை இல்லை.

பீடத்தில் பச்சை வளையம். சுற்றி நான்கு மெழுகுவர்த்தி, வாரத்துக்கு ஒன்று ஏற்ற. நடுவில் ஒரு வெள்ளை, அது கிறிஸ்துமஸுக்கு. திரைச்சீலை தீப்பிடிக்கக் கூடாது என்று இந்த வருடம் மின்சார மெழுகுவர்த்தி வாங்கியிருந்தார்கள். ஆயர் ஊதா அங்கியில் வந்து, காத்திருப்பின் முதல் சுடரை ஏற்றுவோம் என்று உருக்கமாகச் சொல்லி சுவிட்சைப் போட்டார். ஐந்தும் எரிந்தன. அணைத்துப் போட்டார். ஐந்தும் எரிந்தன. எல்லாம் ஒரே ஒயரில் இருந்தன. கடைசியில் நான்கின் மேல் பூக்கிண்ணங்களைக் கவிழ்த்து மூடினார்கள். பாடகர் குழுவின் முன் நின்ற மச்சான் இதைப் பார்த்தும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அட்வென்ட் பாட்டு இரண்டையும் முறையாக நடத்தினார். கை மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக இறங்கியது என்று பின்னால் ரூத் அக்கா சொன்னார்.

கமிட்டி 11.15க்குக் கூடியது. ஆளுக்கு ஒரு சமோசா, தேநீர், ஒரு துண்டு பிளம் கேக். தேவசகாயம் குற்றப்பத்திரிகையை வாசித்தார். 'முன்னோர்' என்ற சொல் நான்கு முறை வந்தது. பிறகு என்னை அழைத்தார்கள். நான் எழுந்து தேதி, கிழமை, ஆண்டைக் கண்ட விதம் எல்லாம் சொல்லி, பக்கத்தை வாசித்தேன். "பாடகர் குழுத் தலைவர் முன்மொழிய" என்ற இடத்தில் ஒருவர் இருமினார். "திரு. தேவசகாயம் வழிமொழிய" என்ற இடத்தில் இருமல் பரவியது. ஆக, சபையின் முன்னோர் இருவரும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜெர்வின் முதலில் சிரித்தான். "அங்கிள், அப்ப நீங்க ஆரம்பிச்சதத்தானே நாங்க செய்யறோம்."

மச்சான் எழுந்தார். காமாலையைச் சொல்லப் போகிறார், கீழாநெல்லி வரும், நம்ப மாட்டார்கள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமா தம்பி. நான்தான் முன்மொழிஞ்சேன்" என்றார். "அது தப்பு. இந்த வருஷத்தோட அந்தத் தப்புக்கு வெள்ளிவிழா. முன்மொழிஞ்சவன் நான், வாபஸ் வாங்கறேன்."

தேவசகாயம் பாதிச் சமோசாவோடு நிமிர்ந்தார். "நிறைவேறின தீர்மானத்த வாபஸ் வாங்க ரூல் இல்ல."

"அப்ப அத ரத்து பண்ணச் சொல்லிப் புதுத் தீர்மானம் கொண்டு வர்றேன். போன தடவ வழிமொழிஞ்சவரே இந்தத் தடவையும் வழிமொழியணும்னு கேட்டுக்கறேன். முன்னோர் சொன்னா மாத்தலாம்தானே?"

"நான் அன்னிக்கு ஏதோ…"

"நீங்க கை தூக்கினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தேவசகாயம். நீல சட்டை."

ஆயர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்கிள் சொல்றது…" என்று தொடங்கி, அன்றைக்கு மட்டும் முடிக்காமல் விட்டார். அரை மணி நேரம் விதிமுறை பேசினார்கள். கடைசியில் எழுதப்பட்டது இது: பாடகர் குழுத் தலைவரை நீக்கும் தீர்மானம் கைவிடப்படுகிறது. அடுத்த ஆண்டு முதல் கேரல் பவனி டிசம்பர் மூன்றாம் வாரம். இந்த ஆண்டு அட்டவணை அச்சாகிவிட்டதால் நடப்பது நடக்கட்டும். அதில் துரை அண்ணன் கலந்துகொள்ள வேண்டியதில்லை. முன்மொழிந்தவர் செல்லதுரை. வழிமொழிந்தவர் தேவசகாயம். ஆண்டையும் எழுதச் சொல்லி நான் பக்கத்தில் நின்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "மச்சான், நீல சட்டை ஞாபகம் இருக்கிறது என்றால், அன்று நீங்கள் அங்கே இருந்திருக்கிறீர்கள். அப்புறம் காமாலை?"

"மழை வர்ற மாதிரி இருக்கு. வேகமா நடங்க மாப்பிள்ளை" என்றார். வானத்தில் மேகமே இல்லை.

ஊர் திரும்பிய பின் விசாரித்தேன். காமாலை வந்தது உண்மை, ஆனால் 1998 அக்டோபரில் என்கிறாள் என் மனைவி. எங்கள் இளைய மகள் பிறந்த வருடம், அண்ணன் பார்க்க வர முடியவில்லை என்று அழுத ஞாபகம். 1997தான் என்கிறார் ரூத் அக்கா. கீழாநெல்லி அரைத்தவர் அவர். வைத்தியம் பார்த்த மருத்துவர் இறந்துவிட்டார், அவருடைய கிளினிக் இருந்த இடத்தில் கைபேசிக் கடை. தேவசகாயத்துக்குத் தொலைபேசினேன். தன்னிடம் நீல சட்டையே இருந்ததில்லை, ஆனால் அதைக் கமிட்டியில் சொல்லி என்ன ஆகப் போகிறது என்றார்.

மச்சான் ஒன்று வெள்ளிக்கிழமை என்னிடம் பொய் சொன்னார், அல்லது தான் செய்யாத தவற்றை ஞாயிற்றுக்கிழமை கமிட்டி முன் ஏற்றுக்கொண்டார். 1997 அக்டோபர் 5 அன்று செல்லதுரை அந்த அறையில் இருந்தாரா என்பது, சாம்பல் புதனாகிய இன்று, 22.2.2023 வரை, உறுதிப்படுத்தப்படவில்லை.